எம்எக்ஸைத் தொடுவதற்கு முன்: ஒரு தோட்டச் சரக்குக் கடையின் மின்னஞ்சல் மாற்றம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள செம்பனை, ரப்பர்த் தோட்டங்களுக்கு அரிவாள், உளி, மருந்தடிக்கும் பம்பு, புல்வெட்டும் இயந்திரத்தின் உதிரிப்பாகம் என்று சரக்கு அனுப்பும் ஒரு ஹார்டுவேர் கடை. தோட்ட ஆபீஸ் கிராணிகள் (எழுத்தர்கள்) ஆர்டரை மின்னஞ்சலில் அனுப்புகிறார்கள். கடை விலை சொல்வதும், மாதக் கணக்கு அனுப்புவதும், கையெழுத்தான டெலிவரி ஆர்டரை ஸ்கேன் செய்து திருப்புவதும் அதே வழிதான். இத்தனையும் பல ஆண்டுகளாக வெப்சைட்டோடு கிடைத்த மலிவான ஹோஸ்டிங் பெட்டியில் ஓடிக்கொண்டிருந்தது. பெட்டிக்கு 1 ஜிபி இடம். அது நிரம்பியதும் ஆர்டர்கள் திரும்பிப் போயின. அதே சர்வரில் இருக்கும் வேறு யாரோ குப்பை அஞ்சல் அனுப்பினால், இந்தக் கடையின் விலைப்பட்டியலும் கோலாலம்பூர் தலைமை ஆபீஸில் ஸ்பேம் பெட்டிக்குள் விழுந்தது.

இப்போது எல்லாம் கூகளின் கட்டணச் சேவையான வொர்க்ஸ்பேஸில் ஓடுகிறது. டொமைன் (முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயர்) அதேதான், முகவரிகளும் அவையேதான். டொமைனுக்கு வரும் கடிதம் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்வது எம்எக்ஸ் பதிவு. அதை மாற்றுவதற்கு ஐந்து நிமிடம் கூட ஆகவில்லை. அதற்கு முன் செய்த தயாரிப்புதான் வேலையின் முக்கால் பங்கு. இதே மாற்றத்துக்கு ஆயத்தமாகும் கடைக்காரர்களுக்கும், அவர்களுக்குச் செய்து கொடுப்பவர்களுக்கும் உதவட்டும் என்று நடந்த வரிசையிலேயே எழுதியிருக்கிறது.

முதலில் டொமைன் யார் கையில்?

எந்தக் கணக்கையும் திறப்பதற்கு முன் பார்க்க வேண்டியது டொமைனின் பதிவு விவரம். டாட் காம் டாட் எம்ஒய் டொமைனைப் பொதுவாக எஸ்எஸ்எம்மில் (மலேசிய நிறுவன ஆணையம்) பதிவான வணிகத்தின் பெயரில்தான் வாங்குவார்கள் என்பதால் உரிமையாளர் பெயர் பெரும்பாலும் கடை பெயராகவே இருக்கும். ஆனால் லாகின் செய்யும் மின்னஞ்சல் வெப்சைட் செய்து கொடுத்தவருடையதாகவோ, வேலையை விட்டுப் போன கணக்கருடையதாகவோ இருப்பது இந்த ஊர்ப் பக்கம் சர்வசாதாரணம். இந்தக் கடையில் வேறு ஒரு சிக்கல்: லாகின் முகவரி அதே டொமைனிலேயே இருந்தது. அஞ்சல் பாதியில் நின்றால் பாஸ்வேர்டை மீட்கும் கடிதமும் வராது. முதலாளியின் சொந்த முகவரி ஒன்றுக்கு அதை மாற்றி, உள்ளே போய் வர முடிகிறதா என்று சோதித்த பிறகே அடுத்த படி.

அதோடு, டொமைனின் டிஎன்எஸ் பதிவுகளை (கடிதமும் வெப்சைட்டும் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் வரிகள்) வைத்திருக்கும் நேம்சர்வர் எங்கே இருக்கிறது என்றும் குறித்துக்கொள்ளுங்கள். ஹோஸ்டிங் நிறுவனத்தின் நேம்சர்வரையே பயன்படுத்தினால், பின்னாளில் ஹோஸ்டிங்கை நிறுத்தும் நாளில் எம்எக்ஸ் உட்பட எல்லாப் பதிவுகளும் சேர்ந்து போய்விடும். டிஎன்எஸ் பக்கத்தில் உள்ள ஒவ்வொரு வரியையும் அப்படியே ஒரு கோப்பில் பிரதி எடுத்து வைத்தோம். திரும்பிப் போக வேண்டி வந்தால் இந்தக் கோப்புதான் கை கொடுக்கும்.

கடை பெயரில் யார் யார் கடிதம் அனுப்புகிறார்கள்?

மனிதர்களை எண்ணுவது சுலபம். மறந்துபோவது இயந்திரங்களைத்தான். கடையைச் சுற்றி நடந்து, ஒவ்வொரு கணினியையும் கைபேசியையும் திறந்து பார்த்து எடுத்த பட்டியலில் வந்தவை: கவுண்டர் கணினி, அக்கவுண்ட் கணினி, முதலாளியின் மடிக்கணினி, இரண்டு கைபேசிகள், போட்டோஸ்டாட் இயந்திரத்தின் ஸ்கேன் வசதி, மாதக் கணக்கை நேரடியாக அனுப்பும் அக்கவுண்டிங் மென்பொருள், வெப்சைட்டின் விசாரணைப் படிவம். கடைசி மூன்றையும் யாரும் மின்னஞ்சல் என்று நினைப்பதே இல்லை. மாற்றத்துக்குப் பிறகு தொல்லை கொடுப்பவையும் இவைதான்.

இன்னொரு பட்டியலும் வேண்டும்: கடையின் முகவரி எங்கெல்லாம் பதிவாகி இருக்கிறது என்பது. வருமான வரி வாரியத்தின் மைடாக்ஸ், மின் விலைப்பட்டியலுக்கான மைஇன்வாய்ஸ், கேடபிள்யுஎஸ்பி (ஊழியர் சேமநிதி) முதலாளி கணக்கு, பெர்கேசோ (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்), வங்கி, எஸ்எஸ்எம், சரக்கு வாங்கும் நிறுவனங்களின் போர்ட்டல்கள். டொமைன் மாறவில்லை என்றால் இவற்றில் கை வைக்கத் தேவையில்லை என்று தோன்றும். திறந்து பார்த்தால் பாதியில் பழைய இணைய இணைப்போடு வந்த இலவச முகவரி இருந்தது. இணைய லைனை மாற்றினால் அதுவும் போய்விடும். இந்த வேலையோடு சேர்த்தே அவற்றைக் கடை முகவரிக்கு மாற்றியது நல்லதாயிற்று. மின் விலைப்பட்டியலில் தவறு இருந்தால் அதை நிராகரிக்கவோ ரத்து செய்யவோ 72 மணி நேரம்தான் அவகாசம். “விலை தப்பாக இருக்கிறது” என்று கிராணி எழுதிய கடிதம் யாரும் பார்க்காத பெட்டியில் கிடந்தால் அந்த நேரம் கரைந்துவிடும்.

பழைய கடிதங்கள் சர்வரில் இல்லை

வெப்மெயிலில் நுழைந்தால் அக்கவுண்ட் பெட்டியில் கடந்த இரண்டு வாரக் கடிதங்கள் மட்டுமே இருந்தன. காரணம், அந்தக் கணினியில் அவுட்லுக் பாப்3 என்ற பழைய முறையில் அமைந்திருந்தது. கடிதத்தை இறக்கிக்கொண்டு, சர்வரில் உள்ள பிரதியை 14 நாளில் அழித்துவிடுவது அவுட்லுக்கின் வழக்கமான அமைப்பு. ஆக, பல ஆண்டுக் கணக்கும் ஆர்டரும் அந்த ஒரு கணினியில் உள்ள ஒரே ஒரு பிஎஸ்டி கோப்பில் (அவுட்லுக் கடிதங்களைச் சேமிக்கும் கோப்பு) இருந்தன. கோப்பின் அளவு 11 ஜிபி. வேறு பிரதி கிடையாது. சர்வரிலிருந்து மட்டும் கடிதங்களைப் பெயர்த்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைத்திருந்தால், அந்தக் கணினி பழுதாகும் நாளில் எல்லாம் போயிருக்கும். வரிக்கான ஆவணங்களை 7 ஆண்டு வைத்திருக்க வேண்டிய நாட்டில் இது சின்ன விஷயமில்லை.

பிஎஸ்டியைத் தேட அவுட்லுக்கின் அக்கவுண்ட் செட்டிங்ஸில் டேட்டா ஃபைல்ஸ் பகுதியைப் பாருங்கள். கோப்பு இருக்கும் இடம் அங்கே எழுதியிருக்கும். அவுட்லுக்கை முழுதாக மூடிவிட்டுத்தான் பிரதி எடுக்க வேண்டும். திறந்திருந்தால் கோப்பு பூட்டியிருக்கும். இரண்டு பிரதி: ஒன்று புதிதாக வாங்கிய வெளி வன்தட்டில், மற்றொன்று முதலாளியின் மடிக்கணினியில். பிறகு, ஆபீஸ் மென்பொருளோடு வரும் ஸ்கேன்பிஎஸ்டி என்ற சிறிய கருவியை பிரதியின் மேல் ஓட்டினோம், மூலத்தின் மேல் அல்ல. சில பிழைகளைக் காட்டிச் சரிசெய்தது. பழுதான பிஎஸ்டியை அப்படியே ஏற்றினால் பாதி வழியில் நின்றுவிடும். எங்கே நின்றது என்று தேடுவது பெரும்பாடு.

இந்த 11 ஜிபியை எப்படி ஏற்றுவது? அவுட்லுக்கில் புதிய கணக்கை ஐமேப்பில் (சர்வரில் உள்ள பெட்டியோடு நேராக இணையும் முறை) சேர்த்து, போல்டரை மவுஸால் இழுத்துப் போடுவதுதான் பலர் சொல்லும் வழி. ஜிமெயிலில் ஐமேப் வழியாக ஒரு நாளைக்கு 500 எம்பிதான் ஏற்ற முடியும். 11 ஜிபிக்கு அந்தக் கணக்கில் 22 நாள். இடையில் கணக்கு சிறிது நேரம் பூட்டிக்கொள்ளவும் செய்யும். அதற்குப் பதில், அவுட்லுக்கிலிருந்து மாறுகிறவர்களுக்கென்றே கூகள் இலவசமாகத் தரும் மைக்ரேஷன் கருவி பிஎஸ்டியை நேரடியாக எடுத்துக்கொள்ளும். கடையின் ஏற்ற வேகம் 20 எம்பிபிஎஸ். கணக்குப் போட்டால் ஒன்றேகால் மணி நேரம்தான் வரும். ஆனால் கருவி கடிதம் கடிதமாக ஏற்றுவதால் இரவு முழுதும் ஓடியது. கணினி தூங்கிப்போகாதபடி பவர் செட்டிங்கை முதலில் மாற்றி வையுங்கள்.

தொடர்பு முகவரிகளையும் இதே கருவி கொண்டுபோகும். அவற்றை மட்டும் தனியாக சிஎஸ்வி கோப்பாக ஏற்றுமதி செய்தால், “பெரிய கிராணி அண்ணன்” என்று தமிழில் சேமித்த பெயர்களெல்லாம் கேள்விக்குறி வரிசையாக மாறிவிடுகின்றன. சீன எழுத்துப் பெயர்களுக்கும் அதே கதி.

எத்தனை பெட்டிக்குக் காசு?

கடைக்கு ஆறு முகவரி. ஆனால் ஆட்கள் மூன்று பேர். முதலாளி, கவுண்டர், அக்கவுண்ட் ஆகிய மூவருக்கு மட்டும் பெட்டி வாங்கினோம். ஒருவருக்கே போகும் மற்ற முகவரிகள் அலியஸ் (அதே பெட்டிக்கு வந்து சேரும் கூடுதல் முகவரி) ஆகின. ஒரு பெட்டிக்கு 30 அலியஸ் வரை கூடுதல் காசில்லாமல் வைக்கலாம். கவுண்டரும் முதலாளியும் சேர்ந்து பார்க்க வேண்டிய சேல்ஸ் முகவரி ஒரு குரூப் (ஒரு முகவரிக்கு வருவது பலருக்கும் போகும் அமைப்பு) ஆனது. அதற்கும் காசில்லை. பிசினஸ் ஸ்டார்ட்டர் திட்டம் ஆண்டு ஒப்பந்தத்தில் பெட்டிக்கு மாதம் 7 அமெரிக்க டாலர் அளவில், அதன்மேல் மலேசியாவின் 8 விழுக்காடு சேவை வரி. மூன்று பெட்டிக்கு ஏறத்தாழ மாதம் 100 ரிங்கிட். ஆறு பெட்டி வாங்கியிருந்தால் இரட்டிப்பு. வெளி வன்தட்டு 200 ரிங்கிட்டை ஒட்டி. வேறு செலவு இல்லை.

குரூப் ஒரு பொறி வைத்திருக்கிறது. புதிதாக உருவாக்கும்போது, வெளியாட்கள் அதற்கு எழுத அனுமதி இல்லாமல் இருக்கலாம். இந்தக் கடையின் சேல்ஸ் குரூப் அப்படித்தான் இருந்தது. உள்ளிருந்து சோதித்தால் கடிதம் ஒழுங்காகப் போகிறது. வெளியே ஒரு சாதாரண ஜிமெயிலிலிருந்து அனுப்பினால், அப்படி ஒரு குரூப் இல்லை அல்லது உங்களுக்கு அனுமதி இல்லை என்று திரும்பி வருகிறது. ஆர்டர் வரும் முகவரியே அதுதான். குரூப் செட்டிங்ஸில் யார் எழுதலாம் என்ற இடத்தில் இணையத்தில் உள்ள எவரும் என்று மாற்ற வேண்டும். கூடவே, கவுண்டர் பெட்டியில் “சென்ட் மெயில் ஆஸ்” அமைப்பில் சேல்ஸ் முகவரியைச் சேர்த்தால்தான் பதில் அந்தப் பெயரில் போகும்.

இரண்டடுக்குச் சரிபார்ப்பை முதல் நாளிலேயே போட்டோம். கவுண்டரில் ஆள் மாறும் என்பதால் யாருடைய சொந்தக் கைபேசியோடும் அதைக் கட்டவில்லை. கடைக்கென உள்ள கைபேசியில், லாகின் குறியீடு தரும் ஆதென்டிகேட்டர் செயலி. ஒவ்வொரு கணக்குக்கும் கிடைக்கும் 10 மாற்றுக் குறியீடுகளைக் காகிதத்தில் அச்சடித்துப் பணப்பெட்டியில் வைத்தாகிவிட்டது. நிர்வாகி அதிகாரம் இருவருக்கு இருக்கட்டும். ஒருவர் கைபேசி தொலைந்தாலும் கடை நிற்காது.

மாற்றும் நாள்

தோட்டத்தில் சம்பளம் 7ஆம் தேதிக்குள் போட வேண்டும். மாத முதல் வாரத்தில் கிராணிகளுக்கு மூச்சு விட நேரமிருக்காது. கடைக்கும் மாதக் கணக்கு அனுப்பும் வேலை. அதனால் மூன்றாம் வாரத்தின் வெள்ளிக்கிழமை மாலை என்று முடிவானது. தீபாவளி, தைப்பூசத்துக்கு முந்திய வாரங்களும் கூடாது. திங்கட்கிழமை காலையில் ஏதாவது நின்றால் பார்த்துச் சரிசெய்ய ஆள் ஊரில் இருக்க வேண்டும்.

ஒரு வாரம் முன்பே முக்கியமான தோட்ட ஆபீஸ்களுக்கு வாட்ஸ்அப்பில் போன செய்தி இது: “வணக்கம் ஐயா. வரும் வெள்ளி மாலை எங்கள் கடை மின்னஞ்சல் புதிய முறைக்கு மாறுகிறது. முகவரி மாறாது. வங்கிக் கணக்கு எண்ணும் மாறாது. சனிக்கிழமை அனுப்பும் ஆர்டருக்கு மதியத்துக்குள் பதில் வராவிட்டால் கடைக்கு ஒரு போன் போடுங்கள்.” வங்கிக் கணக்கு மாறாது என்ற வரி அவசியம். மின்னஞ்சல் மாறும் நேரம் பார்த்துப் புதிய வங்கி எண் தந்து ஏமாற்றுவது நடக்கிற விஷயம்.

டிடிஎல் என்பது, ஒரு பதிவை மற்ற சர்வர்கள் எத்தனை வினாடி நினைவில் வைத்திருக்கலாம் என்ற எண். இங்கே 14400, அதாவது நான்கு மணி நேரம். வியாழக்கிழமையே அதை 300 ஆகக் குறைத்தோம். பழைய டிடிஎல் முழுதாகக் கழிந்த பிறகுதான் எம்எக்ஸைத் தொட வேண்டும். வெள்ளி மாலை பழைய எம்எக்ஸ் வரியை எடுத்துவிட்டு, கூகள் இப்போது சொல்லும் ஒரே வரியை, முன்னுரிமை 1 என்று போட்டோம். முன்பு ஐந்து வரி போடச் சொன்னார்கள். அந்தப் பழைய குறிப்புகளைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், இரண்டும் வேலை செய்யும். பழைய எம்எக்ஸைப் பாதுகாப்புக்கு என்று இரண்டாவதாக விட்டுவைப்பது மட்டும் கூடவே கூடாது. சில கடிதங்கள் அங்கே போய் யாருக்கும் தெரியாமல் தங்கும்.

எந்தெந்த சர்வர் டொமைனின் பெயரில் கடிதம் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப் பதிவு ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்கலாம். புதிதாக இரண்டாவது வரி சேர்த்தால் இரண்டுமே செல்லாமல் போகும். இருந்த வரியைத் திருத்தி, வெப்சைட் சர்வரின் ஐபியை விட்டுவைத்து, கூகளின் சர்வர்களையும் அனுமதிக்கும் இன்க்லூட் பகுதியைச் சேர்த்தோம். பெயர் தேடல் பத்தைத் தாண்டக்கூடாது என்பது எஸ்பிஎஃப் விதி. மூன்று நான்கு சேவைகளை இன்க்லூட் செய்கிற கடைகள் எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடிதம் வரத் தொடங்கியதும் ஐமேப்சிங்க் கருவியைப் பழைய சர்வருக்கும் புதியதற்கும் இடையே ஓட்டினோம். மாற்றும் நேரத்தில் பழைய பெட்டியில் விழுந்தவற்றை எடுத்து வர அதுவே போதும். திரும்ப ஓட்டினாலும் இல்லாததை மட்டுமே பிரதி எடுக்கும்.

திங்கட்கிழமை வெளிப்பட்டவை

எல்லாத் தோட்டங்களிலிருந்தும் கடிதம் வந்தது, ஒன்றைத் தவிர. அந்த ஆபீஸ் சனிக்கிழமை அனுப்பிய ஆர்டர் திரும்பியும் போகவில்லை, புதிய பெட்டிக்கும் வரவில்லை. பழைய வெப்மெயிலைத் திறந்தால் அங்கே இருந்தது. அந்தத் தோட்டத்தின் டொமைனும் அதே ஹோஸ்டிங் சர்வரில்தான் குடியிருந்தது. கடையின் டொமைன் தன் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்த சர்வர், எம்எக்ஸைக் கேட்காமலேயே பக்கத்துப் பெட்டியில் போட்டுவிட்டது. வெப்சைட்டின் விசாரணைப் படிவமும் இதே காரணத்தால் பழைய பெட்டிக்கே எழுதிக்கொண்டிருந்தது. ஹோஸ்டிங் கண்ட்ரோல் பேனலில் ஈமெயில் ரவுட்டிங் என்ற இடத்தில் லோக்கல் என்பதை ரிமோட் என்று மாற்றினால் தீர்ந்துவிடும். வெளியூர் ஜிமெயிலிலிருந்து எத்தனை சோதனை செய்தாலும் இந்தக் கோளாறு தெரியவே தெரியாது. வெப்சைட் பழைய இடத்திலேயே இருக்கும் எல்லாக் கடைகளும் இந்த ஒரு செட்டிங்கை எம்எக்ஸோடு சேர்த்தே மாற்ற வேண்டும்.

போட்டோஸ்டாட் இயந்திரம் அடுத்து. சாதாரண பாஸ்வேர்டை கூகள் ஏற்காது. இரண்டடுக்குச் சரிபார்ப்பு போட்ட கணக்கில் ஆப் பாஸ்வேர்ட் என்று 16 எழுத்து வாங்க வேண்டும். திரையில் நான்கு நான்காக இடைவெளி விட்டுக் காட்டும். இயந்திரத்தில் இடைவெளி இல்லாமல் தட்ட வேண்டும். போர்ட் 587, பாதுகாப்பு முறை ஸ்டார்ட்டிஎல்எஸ். இயந்திரத்தின் தேதியும் நேரமும் சரியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பல ஆண்டு பின்னால் இருந்தால் சான்றிதழ் சரிபார்ப்பு தோற்கும். அக்கவுண்டிங் மென்பொருளுக்குத் தனி ஆப் பாஸ்வேர்ட் எடுத்தோம். ஒன்றை ரத்து செய்தால் மற்றது நிற்கக்கூடாது. ஸ்கேன் படத்தின் அடர்த்தியை 600லிருந்து 200க்குக் குறைத்ததால் கோப்புகள் சிறுத்தன. ஜிமெயிலின் 25 எம்பி வரம்பில் இணைப்பு அனுப்பும்போது குறியாக்கத்தால் மூன்றில் ஒரு பங்கு ஊதும். ஆக, 18 எம்பியைத் தாண்டாமல் இருப்பது நல்லது.

கடிதம் நிஜமாகவே இந்த டொமைனிலிருந்து வந்தது என்று காட்டும் டிஜிட்டல் கையெழுத்தான டிகிம் கடைசி வேலை. ஜிமெயிலை இயக்கிய பின் 24 முதல் 72 மணி நேரம் காத்திருந்த பிறகே சாவி கிடைக்கும் என்பதால் வெள்ளியன்று அதை எதிர்பார்க்க வேண்டாம். 2048 பிட் சாவி உள்ள பதிவு 400 எழுத்தைத் தாண்டும். டிஎன்எஸ்ஸில் ஒரு சரத்துக்கு 255 எழுத்துதான் இடம். பழைய கண்ட்ரோல் பேனல் 255இல் வெட்டிவிட்டு, எந்தப் பிழையும் காட்டாமல் சேமித்துக்கொண்டது. கூகளோ பதிவைக் காணோம் என்றது. வெளியிலிருந்து அந்தப் பதிவைத் தேடிப் பார்த்தால் வால் இல்லை: இந்தச் சாவிகளின் கடைசி நான்கு எழுத்து ஏ, க்யூ, ஏ, பி என்று முடிய வேண்டும். சாவியை இரண்டு மேற்கோள்களுக்குள் பிரித்து எழுதியதும் ஏற்றுக்கொண்டது. பிரிக்கவே விடாத பேனல் என்றால் 1024 பிட் சாவியை எடுக்கலாம்.

பிறகு டிமார்க், அதாவது இந்தச் சோதனைகளில் தேறாத கடிதத்தை என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் பதிவு: முதலில் “நன்” (எதுவும் செய்யாதே) கொள்கையோடு, அறிக்கைகள் வரத் தனி அலியஸ். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலும் யாஹூவும், யார் அனுப்பினாலும் எஸ்பிஎஃப் அல்லது டிகிம் இருந்தாக வேண்டும் என்கின்றன. மாதக் கணக்கு ஒரு சுற்று போய்வந்து, அறிக்கையில் தெரியாத ஐபி எதுவும் இல்லை என்று கண்ட பிறகுதான் கொள்கையை “குவாரண்டைன்” (தேறாததை ஸ்பேமில் போடு) ஆக்கினோம். கோலாலம்பூர் தலைமை ஆபீஸுக்குப் போன ஒரு விலைப்பட்டியலை அங்கு வேலை பார்க்கும் தங்கை ஒருவர் திறந்து “ஷோ ஒரிஜினல்” படத்தை அனுப்பினார்: எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றும் பாஸ், இன்பாக்ஸிலேயே விழுந்திருந்தது.

அடுத்த கடைக்குச் செய்யும்போது வரிசையில் இரண்டு மாற்றம். டிஎன்எஸ்ஸை ஹோஸ்டிங்கிலிருந்து பிரித்து, நீளமான பதிவை ஒழுங்காக ஏற்கும் தனி சேவைக்கு முன்கூட்டியே கொண்டுபோய்விடலாம். டிகிம் தொல்லையும் இல்லை, ஹோஸ்டிங்கை நிறுத்தும் நாளில் பயமும் இல்லை. ஸ்கேன் இயந்திரத்தையும் அக்கவுண்டிங் மென்பொருளையும் எம்எக்ஸ் மாற்றுவதற்கு முந்திய வாரமே புதிய கணக்கில் அனுப்பவிட்டுப் பார்க்கலாம். அனுப்புவதற்கு எம்எக்ஸ் தேவையில்லை, எஸ்பிஎஃப் திருத்தம் மட்டும் முன்பே இருந்தால் போதும்.

அவுட்லுக்கில் பழைய ப்ரொஃபைலை அழிக்கவில்லை; புதியது ஒன்றை உருவாக்கி, பழையதில் அனுப்பு, பெறு இரண்டையும் நிறுத்தி வைத்திருக்கிறது. பழைய பெட்டிகளும் இன்னும் இருக்கின்றன. வாரம் ஒருமுறை யாராவது திறந்து பார்க்கிறார்கள். ஒரு முழு மாதக் கணக்குச் சுற்றில் அங்கே எதுவும் விழாவிட்டால் பெட்டிகளை அழித்துவிட்டு, வெப்சைட்டுக்கு மட்டும் ஹோஸ்டிங்கைக் குறைந்த திட்டத்துக்கு மாற்ற வேண்டும்.